வாய்க்கால் நீர்மட்டம் அளக்கும் எஸ்ஓசி: அடியிலிருந்து ஒரு சிப்பைக் கட்டுவது

எஸ்ஓசி என்பது கட்டளைகளை இயக்கும் கோர், நினைவகம், புறச்சாதனங்கள் எல்லாம் ஒன்றாக அடங்கிய ஒற்றைச் சிப். அதைப் படிக்கப் புறப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கோர்?" என்பதைத்தான். ஆர்மா, ரிஸ்க்-ஃபைவா, எத்தனை மெகாஹேர்ட்ஸ்? என் கணிப்பில் அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்டால் போதும். கோரை ஏற்கெனவே பலர் எழுதி, சோதித்து, திறந்த உரிமத்தில் தந்துவிட்டார்கள். நம் நாட்களைத் தின்பவை அதைச் சுற்றியுள்ள பொருத்துகள்: எந்த முகவரிக்கு யார் பதில் சொல்வது, அந்தப் பதில் எந்தக் கிளொக் சுற்றில் வருவது, ரீசெட் எப்போது விடுபடுவது, முதல் கட்டளை எங்கிருந்து வருவது, வெளியுலகச் சைகை ஒன்று உள்ளே எப்படி நுழைவது. இந்த ஐந்துக்கும் பதில் சொல்லத் தெரிந்தவருக்கு எஸ்ஓசி தெரியும்.

திருகோணமலையில் உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்த எவருக்கும் தர்க்கப் படலைகளும் அரைக்கூட்டியும் முழுக்கூட்டியும் பழக்கம். ஆர்டுயினோவிலோ ஈஎஸ்பி32இலோ எல்ஈடி மின்ன வைத்தவர்களும் நிறைய. இந்த இரண்டு கரைகளுக்கும் நடுவே ஒரு பெரிய வெளி இருக்கிறது. 'டிஜிட்டல் ரைட்' என்று ஒரு வரி எழுதினால் அது எப்படி ஒரு கம்பியில் 3.3 வோல்ற் ஆகிறது என்பது அந்த வெளிக்குள்தான் கிடக்கிறது. அதைக் கடக்க நல்ல வழி, ஒரேயொரு புறச்சாதனத்தை நாமே வடிவமைத்து, கம்பியிலிருந்து சி நிரல்வரை கொண்டுபோவது.

இங்கே எடுத்துக்கொள்ளும் வேலை இது: கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல் வாய்க்கால் ஒன்றின் நீர்மட்டத்தை மீயொலி சென்சரால் அளந்து, சீரியல் வழியாக மில்லிமீற்றரில் அனுப்பும் சிறு எஸ்ஓசி. தயார் மைக்ரோகொன்ட்ரோலரிலும் இதைச் செய்யலாம். நமக்கு வேண்டியது அளவு மட்டுமல்ல, அளக்கும் சிப்பும்தான்.

அதற்கு முன் ஒரு தயார் சிப்பின் டேட்டாஷீட்டை வாசித்துவிடுங்கள். நான் பரிந்துரைப்பது ராஸ்பெரி பை பீகோவில் இருக்கும் ஆர்பி2040. 2021இல் வந்தது. இரண்டு கோர்டெக்ஸ்-எம்0 பிளஸ் கோர்கள், 264 கிலோபைட் எஸ்ரேம். அந்த 264 ஏன் ஒரே துண்டாக இல்லாமல் ஆறு வங்கிகளாகப் பிரிந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். 64 கிலோபைட்டில் நான்கு, 4 கிலோபைட்டில் இரண்டு. ஒரு வங்கி ஒரு கிளொக்கில் ஒருவருக்குத்தான் பதில் சொல்லும். இரண்டு கோர்களும், கோரின் உதவியின்றித் தரவை நகர்த்தும் டிஎம்ஏ பகுதியும் ஒரே நேரத்தில் நினைவகம் கேட்டால், ஒற்றை வங்கியில் இருவர் காத்திருக்க வேண்டும். அதனால் பெரிய நான்கு வங்கிகளிலும் சொற்கள் மாறிமாறி அடுக்கப்படுகின்றன: முதல் சொல் முதல் வங்கியில், அடுத்தது அடுத்ததில். அடுத்தடுத்த முகவரிகளை வாசிக்கும் இருவர் பெரும்பாலும் மோதிக்கொள்வதில்லை.

அதே சிப்பில் நிரல் சேமிக்கும் ஃபிளாஷ் கிடையாது. மின்சாரம் வந்ததும் 16 கிலோபைட் பூட் ரொம் விழிக்கிறது, வெளி ஃபிளாஷின் முதல் 256 பைட்டுகளை வாசிக்கிறது, அவற்றின் சரிபார்ப்பு எண் பொருந்தினால் அதை இயக்குகிறது, பொருந்தாவிட்டால் யூஎஸ்பி வழி நிரலேற்றத்துக்குப் போய்விடுகிறது. முதல் ராஸ்பெரி பையின் பிசிஎம்2835இல் இதைவிட விசித்திரம்: அங்கே முதலில் எழுவது ஆர்ம் கோர் அல்ல, கிராஃபிக்ஸ் பகுதி. அதுதான் எஸ்டி அட்டையிலிருந்து நிரலை எடுத்துவைத்துவிட்டு ஆர்மைத் தட்டி எழுப்புகிறது. கோர் ஓர் எஸ்ஓசியின் உறுப்பினர்களில் ஒன்று மட்டுமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தேவையானவை

போர்ட்: டாங் நானோ 9கே. உள்ளே கோவின் ஜிடபிள்யூ1என்ஆர்-9 எஃப்பிஜிஏ, அதாவது நாம் வடிவமைக்கும் சுற்றை ஏற்றக்கூடிய சிப். 8,640 லட்கள் (தர்க்கப் படலைகளுக்குப் பதிலாக நிற்கும் சிறு உண்மை அட்டவணைகள்), 6,480 ஃபிளிப்-ஃபிளொப்கள், 18 கிலோபிட் புளொக் ரேம் (சிப்புக்குள் தயாராக உள்ள நினைவகத் துண்டு) 26, 27 மெகாஹேர்ட்ஸ் படிகம், ஆறு எல்ஈடிகள், இரண்டு பொத்தான்கள். யூஎஸ்பி வழியாகவே நிரலேற்றமும் சீரியலும் வருவதால் தனி புரோகிராமர் வேண்டாம். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஆர்டுயினோ வாங்குவதுபோல இதை வாங்க முடியும் என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கத் தயாராக இருங்கள். போர்ட் வரும்வரை வேலையை நிறுத்தவும் வேண்டாம். இந்தக் கட்டுரையின் முக்கால்வாசி சிமுலேஷனில் நடப்பது.

மென்பொருள்: வன்பொருளை விவரிக்கும் மொழியான வெரிலொக்கை ஓட்ட இக்காரஸ் வெரிலொக், வேகமான ஓட்டத்துக்கு வெரிலேட்டர், அலைவடிவம் பார்க்க ஜிடிகே-வேவ். போர்டுக்கு, வெரிலொக்கைச் சுற்றாகத் தொகுக்க யோசிஸ், அதைச் சிப்பில் இடமமர்த்த நெக்ஸ்ட்-பிஎன்ஆர், சிப்பில் ஏற்றும் கோப்பான பிட்ஸ்ட்ரீமை ஆக்க அப்பிக்குலா, அதை ஏற்ற ஓப்பன்-எஃப்பிஜிஏ-லோடர். எல்லாமே இலவசம், சாதாரண மடிக்கணினியில் ஓடும்.

கோர்: பீகோஆர்வி32, ரிஸ்க்-ஃபைவ் கோர். சைலிங்ஸ் ஏழாம் தலைமுறை சிப்பில் 750 முதல் 2,000 லட் வரை பிடிக்கும் என்று அதை எழுதியவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். கோவினின் நான்கு உள்ளீட்டு லட்டில் இன்னும் கூடும், ஆனாலும் 8,640க்குள் தாராளமாக அடங்கும். இது வேகமான கோர் அல்ல. சராசரியாக ஒரு கட்டளைக்கு நான்கு கிளொக். ஆனால் இதன் நினைவக இணைப்பு கற்பவருக்கென்றே செய்ததுபோல் எளிது.

சென்சர்: எச்சி-எஸ்ஆர்04, அல்லது நீர்புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி. மேசையில் பழக முதலாவது போதும். வெளியில் வைக்க இரண்டாவதை எடுங்கள். வலைமூடி உள்ள திறந்த சென்சர்கள் எங்கள் கடற்காற்றிலும் மாரி ஈரத்திலும் நெடுநாள் தாங்காது. நீர்புகாததில் ஒரு குறை, 20–25 செ.மீ.க்கு உள்ளே அதற்குக் கண் தெரியாது. ஆகவே வாய்க்கால் நிரம்பும் மட்டத்துக்கு மேல் குறைந்தது 30 செ.மீ. உயரத்தில் பொருத்துங்கள்.

முகவரி வரைபடம்

வெரிலொக்கில் ஒரு வரி எழுதுமுன் தாளில் இதை வரையுங்கள். பதினறும முறையில், 00000000இல் 16 கிலோபைட் ரேம், 10000000இல் யூஆர்ட் (சீரியலில் அனுப்பும் புறச்சாதனம்), 20000000இல் எல்ஈடிகள், 30000000இல் எக்கோ அளவி. மேல் நான்கு பிட்டைப் பார்த்தாலே யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்துவிடும். நான்கு ஒப்பீடுகள், வேலை முடிந்தது.

இந்த மலிவுக்கு ஒரு விலை உண்டு. மேல் நான்கு பிட்டை மட்டும் பார்ப்பதால், 16 கிலோபைட் ரேம் அந்த 256 மெகாபைட் வெளி முழுவதிலும் திரும்பத் திரும்பத் தோன்றும். ஓர் அரே எல்லை தாண்டி எழுதினால் பிழை வராது. முகவரி சுற்றிக்கொண்டு பூச்சியத்துக்கு வந்து, தொடக்க நிரலின் மேலேயே எழுதிவிடும். நிரல் ஓடிக்கொண்டேயிருக்கும், அடுத்த ரீசெட்டில்தான் சாகும். எல்லா பிட்டையும் ஒப்பிட்டு, ரேமுக்கு வெளியே போகும் அணுகலைப் பிடித்து ஓர் எல்ஈடியை ஏற்றுவது நல்ல பழக்கம்.

ரேம்தான் முதல் பெரிய இடறல். பலரும் வெரிலொக்கில் ஓர் அரே அறிவித்துவிட்டு, வாசிப்பைக் கிளொக் இல்லாமல் நேரடி அசைனாக எழுதுகிறார்கள். சிமுலேஷனில் அழகாக ஓடும். ஆனால் இந்த சிப்பின் புளொக் ரேம் கிளொக் விளிம்பில்தான் வாசிக்கும். கிளொக் இல்லாத வாசிப்பைப் பார்த்ததும் யோசிஸ் அந்த அரேயை ஃபிளிப்-ஃபிளொப்களாலும் லட்களாலும் கட்டப் பார்க்கும். 16 கிலோபைட் என்றால் 1,31,072 பிட். சிப்பில் இருப்பதோ 6,480 ஃபிளிப்-ஃபிளொப். தொகுப்பு மணிக்கணக்காக இழுத்துவிட்டு இடமில்லை என்று விழும்.

இரண்டாவது இடறல் பைட் எழுத்து. சி நிரல் ஒற்றை எழுத்தை நினைவகத்தில் வைக்கும்போது, 32 பிட் சொல்லில் ஒரு பைட் மட்டுமே மாற வேண்டும். இதற்கு எளிய வழி, 32 பிட் அரே ஒன்றுக்குப் பதில் 8 பிட் அரே நான்கு வைப்பது. ஒவ்வொன்றும் 4,096 இடம். தொகுப்பு முடிந்ததும் அறிக்கையில் எட்டு புளொக் ரேம் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு அரேயும் 32 கிலோபிட், புளொக்குக்குப் பயன்படும் 16 கிலோபிட் வீதம் இரண்டு, ஆக எட்டு. வேறு எண் வந்தால் எங்கோ தவறு. அந்த அறிக்கையை வாசிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

கேட்பதும் பதிலும்

பீகோஆர்வி32இன் இணைப்பு இப்படி: கோர் முகவரியை வைத்து 'வெலிட்' கம்பியை உயர்த்தும். நான்கு பிட் எழுத்து முகமூடி பூச்சியமானால் வாசிப்பு, இல்லையென்றால் எந்தெந்த பைட்டை எழுதுவது என்பதை அது சொல்லும். பதில் தயாரானதும் நாம் 'ரெடி'யை ஒரு கிளொக்குக்கு உயர்த்துகிறோம். அதுவரை கோர் அசையாமல் நிற்கும்.

இந்த நான்கு வாக்கியத்துக்குள் பிழைக்கு நிறைய இடம் இருக்கிறது. புளொக் ரேமின் தரவு ஒரு கிளொக் பிந்தியே வரும். வெலிட் வந்த அதே சுற்றில் ரெடி கொடுத்தால், கோர் முந்தைய முகவரியின் தரவை எடுத்துக்கொள்ளும். அலைவடிவத்தில் எல்லாமே சரியாக இருப்பதுபோலத் தெரியும். கட்டளைகள் மட்டும் ஒன்று தள்ளி ஓடும். ஆகவே ரேமுக்கான ரெடியை ஒரு ஃபிளிப்-ஃபிளொப்பால் பிந்தச் செய்து, ஒரு முறை உயர்ந்ததும் அடுத்த சுற்றிலேயே இறக்குங்கள். இறக்க மறந்தால் அது அடுத்த கோரிக்கைக்கும் முன்கூட்டியே பதில் சொல்லிவிடும்.

இதைவிடக் கொடியது, யாரும் பதில் சொல்லாத முகவரி. சி நிரலில் 50000000 என்ற முகவரியைத் தவறுதலாக வாசித்தால் ரெடி ஒருபோதும் வராது. கோர் என்றென்றைக்கும் காத்திருக்கும். பிழைச் செய்தி கிடையாது, ரீசெட் கிடையாது, சீரியலில் மௌனம். தொழில்முறைச் சிப்களில் இதற்கென்றே ஒரு இயல்புநிலைப் பதிலாளி இருக்கும். யாருக்கும் சேராத முகவரிக்கு அது பிழைப் பதில் அனுப்பும். நமக்கு, வெலிட் உயர்ந்து 1,024 கிளொக்குக்குள் ரெடி வராவிட்டால் தானே ரெடி கொடுத்து ஓர் எல்ஈடியை ஏற்றும் சிறு எண்ணி போதும். அதை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

இந்தக் கைகோர்ப்பு புரிந்துவிட்டால், கோரையும் புறச்சாதனங்களையும் இணைக்கும் பெரிய பஸ்கள் பயமுறுத்தாது. ஆர்ம் நிறுவனம் 1996இல் தொடங்கிய ஆம்பா குடும்பத்தில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். மெதுவான புறச்சாதனங்களுக்கு ஏபிபி. ஓர் அணுகலுக்குக் குறைந்தது இரண்டு கிளொக், ஏற்பாடு ஒன்று, அணுகல் ஒன்று. ஏஎச்பியில் முகவரிக் கட்டமும் தரவுக் கட்டமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஓடும்: இந்தச் சுற்றில் பஸ்ஸில் தெரியும் முகவரியும் தரவும் ஒரே அணுகலுடையவை அல்ல. அதை மறந்து இந்தச் சுற்றின் தரவை இந்தச் சுற்றின் முகவரியில் எழுதுவதுதான் ஏஎச்பியில் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. ஏஎக்ஸ்ஐயில் ஐந்து தனித்தனிச் சானல்கள், ஒவ்வொன்றுக்கும் சொந்த வெலிட்-ரெடி. அங்கே ஒரு விதி உயிர்விதி: அனுப்புபவர் ரெடிக்காகக் காத்திருந்து வெலிட்டை உயர்த்தக் கூடாது. பெறுபவர் வெலிட்டைப் பார்த்தபின் ரெடி கொடுக்க அனுமதி உண்டு. இருவரும் மற்றவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் சிப் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும்.

எக்கோ அளவி

சென்சருக்கு 10 மைக்ரோசெக்கன் துடிப்பு ஒன்று கொடுத்தால், அது ஒலியை அனுப்பிவிட்டு எக்கோ கம்பியை உயர்த்தும். எதிரொலி திரும்பியதும் இறக்கும். உயர்ந்திருந்த நேரமே தூரம். எதிரொலியே வராவிட்டால் ஏறத்தாழ 38 மில்லிசெக்கனில் தானாக இறக்கும். சில பிரதிகளில் அதைவிட நீளும்.

இங்கே முதல் வடிவமைப்பு முடிவு வருகிறது. 27 மெகாஹேர்ட்ஸிலேயே நேரடியாக எண்ணினால் 38 மில்லிசெக்கனுக்கு 10,26,000 வரும். 20 பிட் எண்ணியின் எல்லை 10,48,576. மட்டுமட்டாக அடங்குகிறது, எக்கோ சற்று நீண்டாலும் எண்ணி சுற்றிவிடும், எதிரொலி வராத அளவு ஒரு செ.மீ. தூரம்போல் காட்சி தரும். மாறாக 27ஆல் வகுக்கும் முன்வகுப்பி ஒன்றை வைத்தால் ஒரு துடிப்பு சரியாக ஒரு மைக்ரோசெக்கன். 16 பிட் எண்ணி 65,535 வரை போகும். ஒரு மைக்ரோசெக்கன் என்பது 0.17 மில்லிமீற்றர், சென்சரின் துல்லியம் சுமார் 3 மில்லிமீற்றர்தான். ஐந்து பிட் வன்பொருள் கூடுதலாகச் செலவாகிறது, மென்பொருளில் ஒரு வகுத்தல் மிச்சமாகிறது. வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் வேலை பிரிப்பது என்று பாடநூல்கள் பெரிதாகச் சொல்வது இந்த மாதிரிச் சிறு கணக்குகளின் கூட்டுத்தான். எண்ணி 65,535ஐ எட்டினால் சுற்றக் கூடாது. அங்கேயே நின்று 'நேரம் கடந்தது' என்ற பிட்டை உயர்த்த வேண்டும்.

நிலைகள்: காத்திருத்தல், 10 துடிப்புக்குத் தூண்டுதல், எக்கோ எழும்வரை காத்தல், விழும்வரை எண்ணுதல், முடிவு. 'எழும்வரை' நிலைக்கும் நேர எல்லை வைக்க மறக்காதீர்கள். ஒரு கம்பி கழன்றால் அந்த நிலையில்தான் சிக்கும்.

எக்கோ கம்பி நம் கிளொக்கைப் பற்றி எதுவும் அறியாது. அது எப்போது வேண்டுமானாலும் மாறும். கிளொக் விளிம்போடு மோதினால் ஃபிளிப்-ஃபிளொப் சற்று நேரம் பூச்சியமும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் தடுமாறும். எனவே உள்ளே வரும் எக்கோவை முதலில் இரண்டு ஃபிளிப்-ஃபிளொப்கள் வழியே விடுங்கள். விளிம்பைக் கண்டுபிடிக்க மூன்றாவது ஒன்று. இதைச் செய்யாமல் எக்கோவை நேராக நிலை இயந்திரத்துக்குள் விட்டால் நடப்பது இது: ஒரே எக்கோவை ஒரு நிலை பிட் பூச்சியமாகவும் இன்னொன்று ஒன்றாகவும் பார்க்கும். இயந்திரம் நாம் எழுதாத நிலைக்குப் போய் உறைந்துவிடும். சிமுலேஷனில் இது ஒருபோதும் தெரியாது. போர்டிலும் எப்போதாவதுதான் வரும். அதனால்தான் பலரும் இதைச் சென்சர் பழுது என்று நினைத்துச் சென்சரை மாற்றிக்கொண்டிருப்பார்கள். யூஆர்ட்டின் உள்வரும் கம்பிக்கும் ரீசெட் பொத்தானுக்கும் இதே மருந்து. பல பிட் மதிப்பை ஒரு கிளொக் உலகிலிருந்து மற்றதற்குக் கடத்தும்போது மட்டும் இது போதாது. பிட்டுக்கு இரண்டு ஃபிளிப்-ஃபிளொப் வைத்தாலும் பிட்கள் வேறுவேறு சுற்றில் வந்துசேரும். அதற்குக் கிரே குறியீட்டுச் (ஒரு தடவைக்கு ஒரு பிட் மட்டும் மாறும் குறியீடு) சுட்டிகள் உள்ள ஃபைஃபோ, அதாவது முதலில் வந்தது முதலில் வெளியேறும் வரிசை, வேண்டும். இந்த வடிவமைப்பில் கிளொக் ஒன்றே என்பதால் அந்தத் தேவை இப்போது இல்லை.

மென்பொருள் பார்க்கும் ரெஜிஸ்டர்கள் மூன்று. இடப்பெயர்வு 0இல் கட்டுப்பாடு, 4இல் நிலைமை, 8இல் அளவு. நிலைமையில் 'முடிந்தது', 'நேரம் கடந்தது' என்ற இரு பிட்கள். இவற்றை அழிப்பது எப்படி? வாசித்தால் தானே அழியட்டும் என்பது கவர்ச்சியான யோசனை, கெட்ட யோசனையும்கூட. டிபக்கர் ஒன்று நினைவகத்தை எட்டிப்பார்த்தாலே செய்தி தொலைந்துவிடும். ஒன்று எழுதினால் அந்த பிட் அழியும் என்பதே சரியான முறை. அப்போதும் ஒரு மூலை மிச்சம்: மென்பொருள் அழிக்கும் அதே சுற்றில் வன்பொருள் 'முடிந்தது' என்று எழுதினால் யார் வெல்வது? வன்பொருள் வெல்லட்டும். ஒரு செய்தியை இரண்டு முறை பார்ப்பதால் கேடில்லை. ஒரு செய்தி காணாமல் போனால் மென்பொருள் என்றைக்கும் காத்திருக்கும்.

அளவு முடிந்ததும் வன்பொருளே கோரை இடைமறித்துச் சொல்லும் இன்டரப்ட் வேண்டுமா? வேண்டாம். அளவுகளுக்கிடையே 60 மில்லிசெக்கன் விடுவது வழக்கம். அதற்குள் கோருக்கு 16,20,000 கிளொக் கிடைக்கிறது. நிலைமை ரெஜிஸ்டரைச் சுற்றிச் சுற்றி வாசிப்பதே போதும். பீகோஆர்வி32இன் இன்டரப்ட் முறை ரிஸ்க்-ஃபைவ் தரத்தைச் சேர்ந்ததும் அல்ல. அதை இங்கே பழகினால் மற்றக் கோர்களில் உதவாது.

சிமுலேஷனில் ஒரு தந்திரம். 3 மீற்றர் தூரத்து எக்கோ ஒன்றை முழுதாக ஓட்ட நாலரை இலட்சத்துக்கு மேல் கிளொக் வேண்டும். முன்வகுப்பியின் 27ஐப் பராமீற்றராக வைத்து, சோதனையில் 2 கொடுங்கள். இறுதியில் ஒரு முறை வெரிலேட்டரில் உண்மை மதிப்போடும் ஓட்டுங்கள். இக்காரஸையும் விட்டுவிடாதீர்கள்: தொடக்க மதிப்பு கொடுக்காத ரெஜிஸ்டரை இக்காரஸ் 'தெரியாது' என்று சிவப்பில் காட்டும், வெரிலேட்டர் அப்படிக் காட்டாது. எஃப்பிஜிஏயும் பெரும்பாலும் பூச்சியத்திலிருந்து தொடங்கி உங்கள் தவறை மறைத்துவிடும். உண்மைச் சிலிக்கனில் அந்தச் சலுகை இல்லை.

நிரலும் போர்டும்

சி தொகுப்பியான ஜிசிசிக்கு 'rv32i' கட்டமைப்பையும் 'ilp32' முறையையும் தெளிவாகச் சொல்லுங்கள். சுருக்கிய கட்டளைகளோடு தொகுத்தால், இயல்புநிலையில் கோர் அவற்றை அறியாது. 'ட்ராப்' கம்பியை உயர்த்திவிட்டு நின்றுவிடும். அந்தக் கம்பியை ஓர் எல்ஈடிக்கு இழுத்துவிடுங்கள். பெருக்கல் கட்டளையும் இயல்பில் இல்லை, ஆகவே பெருக்கலை மென்பொருளில் செய்யும் லிப்ஜிசிசி நூலகத்தை இணைக்க வேண்டும். நூலகம் வேண்டாம் என்று சொன்னாலும், அரேயைப் பூச்சியமாக்கும் உங்கள் லூப்பை ஜிசிசி மெம்செட் என்ற நினைவகம் நிரப்பும் செயலியின் அழைப்பாக மாற்றிவிடும். அதை நீங்களே எழுதித் தரவேண்டும். ரெஜிஸ்டர் சுட்டிகளுக்கு 'வொலட்டைல்' இல்லையென்றால், நிலைமையை ஒரே முறை வாசித்துவிட்டு முடிவற்ற லூப்பாக்கிவிடும்.

தொடக்க அசெம்பிளியில் மூன்று வேலை: ஸ்டாக் சுட்டியை ரேமின் உச்சிக்கு வைப்பது, தொடக்க மதிப்பில்லாத மாறிகளைப் பூச்சியமாக்குவது, மெயினுக்குத் தாவுவது. நிரலும் தரவும் ஒரே ரேமில் இருப்பதால் இங்கே ஒரு நுட்பமான பொறி உண்டு. தொடக்க மதிப்புள்ள உலகளாவிய மாறிகள் பிட்ஸ்ட்ரீமோடு சரியாக வந்துவிடும். ஆனால் ரீசெட் பொத்தானை அழுத்தினால் ரேம் திரும்ப நிரப்பப்படுவதில்லை. மாறிகள் பழைய மதிப்போடே இருக்கும். முதல் ஓட்டத்தில் சரி, இரண்டாவதில் பிழை என்ற புதிரின் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்த மதிப்புகளின் பிரதி ஒன்றைத் தனியே வைத்து ஒவ்வொரு ரீசெட்டிலும் நகலெடுங்கள், அல்லது மெயினுக்குள்ளேயே மதிப்பிடுங்கள்.

யூஆர்ட்டுக்கு 27,000,000ஐ 115,200ஆல் வகுத்தால் 234.375. 234 வைத்தால் பிழை 0.16 சதவீதம். பத்து பிட் சட்டத்தில் கடைசி பிட்டை நடுவில் பிடிக்க இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 5 சதவீதம் தாங்கும், ஆகவே கவலையில்லை.

கம்பிகளை இணைக்கும்போது கவனம். எச்சி-எஸ்ஆர்04 5 வோல்ற்றில் ஓடும், எக்கோவும் 5 வோல்ற்றில் வரும். 1 கிலோஓமும் 2 கிலோஓமும் கொண்டு பிரித்து 3.3 வோல்ற்றாக்குங்கள். இந்த போர்டில் எல்ஈடிகளும் பொத்தான்களும் 1.8 வோல்ற் வங்கியில் இருக்கின்றன. எக்கோவை அந்த வங்கியின் பின்னுக்குக் கொடுத்துவிடாதீர்கள், 3.3 வோல்ற் பின் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கிளொக் பின் 52. எல்ஈடிகள் 10, 11, 13, 14, 15, 16. பூச்சியம் கொடுத்தால் எரிபவை.

போர்ட் மௌனமாக இருந்தால் இந்த வரிசையில் தேடுங்கள். 24 பிட் எண்ணியின் மேல் பிட்டை ஓர் எல்ஈடிக்குக் கொடுங்கள். செக்கனுக்கு ஒன்றரை முறைக்குச் சற்று அதிகமாக மின்னினால் கிளொக் உயிரோடிருக்கிறது. அடுத்து ட்ராப் எல்ஈடி. பிறகு பதிலற்ற முகவரி எல்ஈடி. மூன்றும் சுத்தமாக இருந்தும் சீரியலில் எதுவும் வராவிட்டால், நிரல் கோப்பின் பைட் ஒழுங்கைப் பாருங்கள். ரிஸ்க்-ஃபைவ் சிறுமுனை முதலாக அடுக்கும். நான்கு ரேம் அரேகளுக்கும் கோப்பைப் பிரிக்கும்போது ஒழுங்கு தலைகீழானால் முதல் கட்டளையே ட்ராப் ஆகும், அல்லது அதிர்ஷ்டமில்லாமல் வேறொரு செல்லுபடியான கட்டளையாகிவிடும். கோப்பைக் கண்ணால் பார்த்துத் தேடுவதைவிட, பைத்தனில் பத்து வரியில் உங்கள் சொந்தப் பிரிப்பானை எழுதுவது நம்பகமானது. இன்னொன்று: ஓப்பன்-எஃப்பிஜிஏ-லோடர் இயல்பாக ஏற்றுவது எஸ்ரேமுக்கு. கரண்ட் போனால் எல்லாம் போய்விடும். வாய்க்கால் கரையில் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஃபிளாஷுக்கு எழுதும் தெரிவைக் கொடுங்கள்.

அளவு வந்ததும் அதை அப்படியே நம்பாதீர்கள். இணையத்தில் எல்லோரும் 58ஆல் வகுக்கச் சொல்வார்கள். அது ஒலி செக்கனுக்கு சுமார் 345 மீற்றர் ஓடும் குளிர்ந்த அறைக்குப் பொருந்தும். திருகோணமலையில் ஆனி, ஆடி மதியத்தில் 34 பாகை சாதாரணம். அப்போது ஒலியின் வேகம் ஏறத்தாழ 351.9 மீற்றர். 3 மீற்றர் தூரத்து எக்கோ 17,050 மைக்ரோசெக்கனில் திரும்பும், 58ஆல் வகுத்தால் 294 செ.மீ. வரும். 6 செ.மீ. பிழை, வயல் வாய்க்காலில் பெரிய பிழை. 34 பாகைக்கு மைக்ரோசெக்கனை 11,531ஆல் பெருக்கி 16 பிட் வலப்பக்கம் நகர்த்தினால் நேராக மில்லிமீற்றர் கிடைக்கும்; மிகப் பெரிய எக்கோவுக்கும் பெருக்கம் 32 பிட்டுக்குள் அடங்கும். வெப்பமானி ஒன்றைச் சேர்த்து அந்தக் காரணியை மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.

இதற்கு மேல்

இந்த அளவியில் தரவு மிகக் குறைவு, அதனால் கோரே எல்லாவற்றையும் சுமக்கிறது. அதே எஸ்ஓசியில் திரை ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். 640க்கு 480, புள்ளிக்கு 2 பைட், செக்கனுக்கு 60 படம் என்றால் செக்கனுக்கு 36.9 மெகாபைட். 27 மெகாஹேர்ட்ஸ் 32 பிட் பஸ்ஸின் உச்சம் 108 மெகாபைட், ஆகவே இடமிருப்பதாகத் தோன்றும். ஆனால் பீகோஆர்வி32இல் வாசிக்க 5 கிளொக், எழுத 5, இரண்டு கூட்டல் 6, கிளைத்தல் 5, சேர்ந்து ஆகக் குறைந்தது 21. நினைவகத்தின் பிந்துதலைச் சேர்த்தால் இன்னும் கூடும். 21 என்றே வைத்தாலும் 4 பைட் நகர்த்தும் லூப்பில் செக்கனுக்கு 5.1 மெகாபைட்தான் நகரும். ஏழு மடங்கு பற்றாக்குறை. கோரை வேகப்படுத்துவது இதற்கு விடையல்ல. கோரைத் தொடாமல் நினைவகத்திலிருந்து திரைக்குத் தானே தரவை நகர்த்தும் டிஎம்ஏ வேண்டும். டிஎம்ஏ வந்ததும் பஸ்ஸில் இரண்டு எஜமானர்கள். யாருக்கு முதலிடம் என்று தீர்ப்பவர் வேண்டும். திரைக்கு எப்போதும் முதலிடம் கொடுத்தால் கோர் பட்டினி கிடக்கும், கோருக்குக் கொடுத்தால் திரையில் கோடு விழும். ஆர்பி2040இன் ஆறு வங்கிகள் ஏன் என்ற கேள்விக்கான முழு விடை உங்கள் கையில் வருவது இந்த இடத்தில்தான். எந்த புளொக்கை வரைவதற்கு முன்னும் இந்த மாதிரிக் கணக்கைத் தாளில் போடுங்கள்.

சிலிக்கனில் ஏற்ற விரும்புகிறவர்களுக்கு, பலரின் சிறு வடிவமைப்புகளை ஒரே சிப்பில் சேர்த்துத் தயாரிக்கும் டைனி டேப்அவுட் திட்டம் 2022 முதல் வழிவிட்டிருக்கிறது. ஒருவருக்குக் கிடைக்கும் அடிப்படை இடமான ஓர் ஓடு ஏறத்தாழ 160க்கு 100 மைக்ரோமீற்றர். நம் முழு எஸ்ஓசி அதில் போகாது. தடுப்பது கோர் மட்டுமல்ல, புளொக் ரேம் என்று ஒன்று அங்கே இல்லாததும்தான். 16 கிலோபைட்டை ஃபிளிப்-ஃபிளொப்பில் கட்ட முடியாது. ஆனால் எக்கோ அளவி மட்டும் தனியே போகும். முன்வகுப்பி 5, எண்ணி 16, பிடித்துவைத்த மதிப்பு 16, ஒத்திசைவு 3, நிலை 3, கொடிகள் 3. மொத்தம் 46 ஃபிளிப்-ஃபிளொப். ஸ்கைவோட்டர் 130 நானோமீட்டர் நூலகத்தில் ஒரு சாதாரண ஃபிளிப்-ஃபிளொப் சுமார் 20 சதுர மைக்ரோமீற்றர், ஆக 920. ஓட்டின் 16,000த்தில் சிறு மூலை. 32 பிட் பஸ்ஸை வெளியே எடுக்கப் பின்கள் இல்லை: 8 உள்ளீடு, 8 வெளியீடு, 8 இருவழி. ஆகவே சில கம்பிகளில் பிட் பிட்டாக அனுப்பும் எஸ்பிஐ வழியாகப் பேச வேண்டும்; அதற்கு மூன்று உள்ளீடும் ஒரு வெளியீடும் போகும். மிஞ்சிய ஐந்து உள்ளீடுகளில் ஐந்து எக்கோ கம்பிகளைக் கட்டி, ஒரே எண்ணியை முறைவைத்துக் கொடுக்கலாம். ஐந்து சென்சர்களையும் ஒரே நேரத்தில் தூண்டக் கூடாது, ஒன்றின் எதிரொலி மற்றதில் விழும்.